தேயிலைக்குக் குடை பிடிக்கும் மரம்

பொகவந்தலாவையில் தேயிலைக்கு நடுவே கம்பம் போல் நிமிர்ந்து நிற்கும் சபுக்கு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். இதன் தாயகம் கிழக்கு அவுஸ்திரேலியா. இலையின் அடிப்புறம் வெள்ளி போல் மின்னும். பூவோ பொன்னிறச் சீப்பு! விரைவாக வளர்ந்து 100 அடியையும் தொடும். வேர் ஆழமாக இறங்குவதால் தேயிலையின் தண்ணீரை அதிகம் பறிப்பதில்லை. நிழல் தரும், உதிரும் இலை உரமாகும், வெட்டிய வாது நம் அடுப்புக்கு வரும்.

ஆனால் கிளைகளில் உறுதி போதாது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கிவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்பதோ இதனடியில்தான்! காற்றுக்கு முன்பே வாது வெட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். காற்று வலுத்த நாளில் பிள்ளைகளை விறகுக்கு அனுப்பாதீர்கள். இலையோ மரத்தூளோ பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். விறகு தொட்ட கையைக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.