அழைத்தால் நிற்காத ஆட்டம்

அண்மையில் சிறுசேரியில் புதுமனை ஒன்றை மந்திரிக்கச் சென்றிருந்தோம். அவ்வில்லத்து மகன், பதினாறு வயதினன், செபத்துக்கு அறையை விட்டு வரவில்லை. "கூப்பிட்டால் எரிந்து விழுகிறான், சாமி" என்று தாய் கண் கலங்கினார். பின்னர் அவனருகே அமர்ந்து விசாரித்தோம்.

பல நாட்டார் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு வேடம் பூண்டு ஆடும் விளையாட்டு அது. காயமுற்றோரைக் குணமாக்குவது இவன் பங்கு. இடையில் எழுந்தால் குழுவே மடியும். இரண்டு மணி நேர உழைப்பு பாழாகும். சதுரங்கத்தை நிறுத்திவைக்கலாம்; இதனை நிறுத்த வழியில்லை.

போதாக்குறைக்குத் தாமதம் வேறு. சிறுசேரியிலேயே தரவு மையங்கள் ஓங்கி நிற்க, இவ்விளையாட்டை நடத்தும் கணினியோ சிங்கப்பூரில் உள்ளதாம். 2002-இல் சென்னையிலிருந்து அங்கு இடப்பட்ட கடலடி வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஒளியிழையில் செய்தி போய்வர நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும்; வீட்டு இணைப்பு தடுமாறினால் அது பன்மடங்காகும். அதற்குள் தோழன் வீழ்வான், வசை இவனுக்கு.

பெற்றோரே, "வெறும் விளையாட்டுதானே" என்று இகழாதீர்கள்; அவனுக்கு அது கொடுத்த வாக்கு. தம்பி, பெற்றவளுக்கும் நீ கடமைப்பட்டவனன்றோ? கல்வியும் உறவும் ஓராண்டளவு சீர்குலையுமாறு கட்டுப்பாடிழந்து ஆடுவதை நோயென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றது. அந்நிலை வருமுன் விழிப்போம்.

முடியும் நேரத்தை மகன் முன்னரே சொல்வது, அதுவரை எவரும் அழையாதிருப்பது என இருவரும் அன்று உடன்பட்டனர். சொன்ன நேரத்தில் அவன் உணவுக்கு வந்தமர்ந்தான். தாய் ஒன்றும் பேசாமல் பரிமாறினார்.