மூடா ஆறு பிறக்கும் காடு



கோத்தா கோலா மூடாவுக்குப் போனவர்கள் அங்குள்ள 'பாசார் பிசிக்' மீன் சந்தையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மீன் வாங்க வருபவர்கள் கூவி விலை கேட்பதில்லை. ஏலம் விடுபவரின் காதோடு காதாகத் தங்கள் விலையைச் சொல்வார்கள். அந்த வேடிக்கையைக் காட்ட என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஒருநாள் அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் சற்று நின்றோம். கடலோடு கலக்க வந்துகொண்டிருந்தது மூடா ஆறு.

"டீச்சர், இவ்வளவு தண்ணியும் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

"மழையிலிருந்துதான்" என்றேன்.

"ரெண்டு மாசமா மழையே இல்லையே, டீச்சர்?"

இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் அடுத்த பள்ளி விடுமுறையில் என்னையும் சக ஆசிரியர்கள் சிலரையும் உலு மூடா காட்டுக்கு இழுத்துச் சென்றது.

மூடா ஆறு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ளது. கெடாவின் உள்நாட்டு மலைகளில் பிறந்து, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடி, கோத்தா கோலா மூடாவில் கடலைச் சேர்கிறது. அது பிறக்கும் உலு மூடா காட்டுப் பகுதி ஏறக்குறைய 4 லட்சம் ஏக்கர் பரப்புடையது. 1966 முதல் 1970 வரை நடந்த மூடா நீர்ப்பாசனத் திட்டத்தில் மூடா அணையும் பெடு அணையும் கட்டப்பட்டன. மூடா ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பெடு ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து கெடா, பெர்லிஸ் சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. ஆண்டுக்கு ஒரு போகம் விளைந்த நிலத்தில் இரு போகம் விளைந்தது இதனால்தான். பினாங்கு மாநிலம் சுத்திகரித்து வழங்கும் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது.

சீக் வட்டாரத்தில் உள்ள குபிர் படகுத்துறையிலிருந்து புறப்பட்டோம். ஏரி நிறைந்தபோது மூழ்கிய மரங்கள் இன்னும் மொட்டையாக நீருக்குள் நிற்கின்றன. ஏரியைக் கடந்து ஆற்றுக்குள் நுழைந்ததும் இருபுறமும் காடுதான். தீபகற்ப மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாய்ச்சிப் பறவைகளும் இங்கே உண்டு. தலைக்கு மேலே அவை பறந்தபோது எழுந்த சிறகோசை ரயில் வண்டிப் பெருமூச்சு போல் கேட்டது. யானையை நாங்கள் காணவில்லை. 'சிரா' எனப்படும் உப்பூற்றின் சேற்றில் அதன் காலடிகளை மட்டும் கண்டோம். உப்புச் சத்துக்காக விலங்குகள் அங்கே வருமாம்.

எங்களில் ஒருவர் மிட்டாய்த் தாளைத் தண்ணீரில் வீசினார். படகோட்டிய மலாய்க்காரப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. படகைத் திருப்பி, குனிந்து, அந்தத் தாளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் சொன்னார்: "சிகு, நீங்கள் குடிக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது." நாங்கள் தலைகுனிந்தோம்.

மாணவியின் கேள்விக்கு விடை அந்தக் காட்டின் தரையில் கிடந்தது. உதிர்ந்து மக்கிய இலைகளும் வேர்களும் பஞ்சுபோல் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளிலும் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுகின்றன. மரம் போனால் பஞ்சும் போகும். பெய்த மழை ஒரே மூச்சில் மண்ணோடு ஓடி வரும். பிறகு வெயில் காலத்தில் ஆறு வற்றும். 2016ஆம் ஆண்டு வறட்சியில் மூடா அணையின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்ததை மறந்துவிடலாகாது. மூடா ஆற்றோடு சேரும் நீர்கள் பிறக்கும் இன்னொரு பக்கத்தில், 2022 ஜூலை 4ஆம் தேதி, பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் மரத்துண்டுகளையும் சேற்றையும் உருட்டிவந்த வெள்ளம் மூன்று உயிர்களைக் குடித்தது. மலைச் சரிவில் மரங்களை அழித்ததுதான் காரணமா என்று நாடே கேட்டது.

ஒதுக்கப்பட்ட காடு என்றால் அங்கே மரமே வெட்டக்கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அனுமதி பெற்று வெட்டலாம். தேசியப் பூங்காவின் காப்பு அதைவிடக் கடுமையானது. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றும் சேர்ந்து 1930களின் இறுதியில் ஒதுக்கிய காடுதான் இன்றைய தாமான் நெகாரா. பாத்தேக் பழங்குடியினர் இன்றும் அங்கே காட்டை நம்பி வாழ்கிறார்கள். நமக்கு எதிர்க்கரையில், 2003இல், பினாங்கு தேசியப் பூங்கா அமைந்தது. நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருப்பதால், மாநிலம் மனம் வைத்தால்தான் எதுவும் நடக்கும். மரம் விற்றால் மாநிலத்துக்கு வருமானம். காட்டைக் காத்தால் பயனில் பெரும்பங்கு அண்டை மாநிலத்துக்கு. அதனால்தான் ஈடு வேண்டும் என்று கெடா நெடுநாளாகக் கேட்டு வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. குடிப்பவரும் காவல் செலவில் பங்கேற்க வேண்டாமா?

காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வன இலாகாவின் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். முழங்கால் வரை காலுறை அணியுங்கள்; அட்டைகள் நிறைய உண்டு. கொண்டுபோன பிளாஸ்டிக் பை அனைத்தையும் திரும்பக் கொண்டு வாருங்கள். உப்பூற்றருகே சத்தம் போடாதீர்கள். அது விலங்குகளின் அடுப்படி, நாம் விருந்தாளிகள்.

போக முடியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். நாளைக் காலை குழாயைத் திறக்கும்போது உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, "இது எங்கிருந்து வருகிறது, தெரியுமா?" என்று கேளுங்கள். என் மாணவி கேட்டதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.