யானைக்கால் வீக்கம்: சேற்றில் இறங்கலாமா?

‘என் மனைவிக்கு வலது கால் ஆறு வருடமாக வீங்கியிருக்கிறது. நடவுக்குப் போய் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிடுகிறார். வயல் வேலையை நிறுத்திவிடலாமா?’ என்று டெல்டா வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இது பயிர்க் கேள்வி அல்லதான். ஆனால் நடவாள் படுத்தால் நடவும் நிற்கிறதே!

முதலில் ஒன்று. யானைக்கால் நோய் சேற்றால் வருவதில்லை. குளத்து நீராலும் பரம்பரையாலும் வருவதில்லை. நூல் போன்ற புழுவைக் கியூலெக்ஸ் கொசு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டு போகிறது. ஒரு கடியில் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடிபட வேண்டும். புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் தங்கி அவற்றைக் கெடுக்கிறது. வடிகால் தூர்ந்த வயலில் நீர் தேங்குவதைப்போல, காலில் நிணநீர் தேங்குகிறது. குட்டிப்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக ஓடும். சுகாதாரத் துறையினர் ராத்திரி வந்து விரலில் ரத்தம் எடுப்பது அதனால்தான்.

சரி, அந்தக் காய்ச்சல்? அது பெரும்பாலும் புழுவின் வேலை அல்ல. விரலிடுக்குச் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, முள் கீறல் வழியே நுழையும் பாக்டீரியாக்களின் வேலை. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் வீக்கம் ஒரு படி கூடும். ஆகவே காய்ச்சலைத் தடுத்தாலே பாதி வெற்றி. தினமும் இரவில் காலைச் சோப்புப் போட்டு, சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். விரலிடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள், தேய்க்க வேண்டாம். புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் களிம்பைத் தடவுங்கள். படுக்கும்போது கால் தலையணை மேல் இருக்கட்டும். புண் ஆறும்வரை சேறு வேண்டாம். ஆறியபின் அம்மா நடவுக்குப் போகலாம், கரையேறியதும் கழுவிவிட வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டால் ஓய்வும் மருத்துவரும்தான். ஒத்தடம், சூடு, கீறிவிடுவது எல்லாம் கெடுதல்.

ஆண்களுக்கு இதே புழுவால் விரைவீக்கம் வரும். வெட்கப்பட்டு வேட்டிக்குள் மறைக்கிறார்கள். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள்.

ஊரெல்லாம் ஆண்டுக்கொரு முறை மாத்திரை விழுங்கியதால்தான் தமிழ்நாட்டில் இந்நோய் வெகுவாகக் குறைந்தது. இலங்கை 2016-இல் ஒழித்ததாகவே உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றுவிட்டது. பழைய வீக்கத்தை மாத்திரை வடியவைக்காது. ஆனால் ரத்தத்தில் உள்ள குட்டிப்புழுக்களைக் கொன்று, அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும். வீட்டுக்கு வந்து கொடுத்தால் அவர் எதிரிலேயே விழுங்குங்கள், அலமாரியில் வைக்காதீர்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகளுக்கு மட்டும் கூடாது. விழுங்கியபின் சிலருக்கு லேசான காய்ச்சல், தலைசுற்றல் வரலாம். புழு சாவதன் அறிகுறி அது.

இந்தக் கொசுவுக்குப் பிடித்தது சாக்கடை போன்ற அழுக்குத் தண்ணீர். கொல்லைப்புறச் சாக்கடையைத் தேங்கவிடாமல் வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை இறுகக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.