வாழைப்பழத்தில் மாத்திரை! மீன் குஞ்சுகளுக்கு மருந்து கொடுக்கும் தந்திரம்

சென்னை–

மாத்திரை என்றாலே ஓட்டம் பிடிக்கும் பிள்ளைக்கு அம்மா என்ன செய்வாள்? வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்து வைத்து, "கண்ணு, பழம் சாப்பிடுடா" என்று ஊட்டி விடுவாள்.

மீன் குஞ்சுகளிடமும் இதே தந்திரம்தான் பலிக்கிறது!

முட்டுக்காட்டில்...

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை உள்ளது. 1997–ம் ஆண்டு கொடுவா மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள்.

பொரித்த கொடுவா குஞ்சின் நீளம் சுமார் 1½ மில்லி மீட்டர்தான். ஆரம்ப நாட்களில் துள்ளி ஓடும் உயிர் இரையைத்தான் அது கவ்வும். தூள் தீவனத்தைத் திரும்பிக்கூட பார்க்காது.

இந்தப் பருவத்தில் 'விப்ரியோ' போன்ற கிருமி புகுந்தால் போச்சு! தொட்டியே காலியாகி விடும்.

சரி, மருந்தைத் தண்ணீரில் கரைத்து விட்டால் என்ன? குஞ்சின் வயிற்றுக்குள் போவது கொஞ்சம். கழிவு நீரோடு வெளியே போவதே அதிகம்.

உயிருள்ள மாத்திரை

இங்கேதான் 'ஆர்ட்டீமியா' கை கொடுக்கிறது. இது இறால் இனத்துக்குத் தூரத்து உறவு. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. காய்ந்த முட்டையை உப்பு நீரில் போட்டுக் காற்று செலுத்தினால், சுமார் 24 மணி நேரத்தில் பொரிந்து விடும்.

முதலில் இது எதையும் தின்னாது. ஒரு முறை தோலுரித்த பிறகு, நல்லது கெட்டது பார்க்காமல் நீரில் மிதக்கும் துகளை எல்லாம் விழுங்கும். அந்த நேரம் பார்த்து, மீன் எண்ணெயில் குழைத்த 'ஆன்டிபயாடிக்' மருந்தை நீரில் கலக்கிறார்கள். சில மணி நேரத்தில் வயிறு நிறைய மருந்து!

உடனே வடிகட்டி, அலசி, குஞ்சுகளுக்குப் போட வேண்டும். தாமதித்தால் மருந்து வெளியேறி விடும். நோய் முற்றிய குஞ்சு இரையே எடுக்காது. அப்புறம் இந்தத் தந்திரமும் பலிக்காது.

ஆபத்து

மருந்தை இஷ்டத்துக்கு அள்ளிக் கொட்டினால், கிருமிகள் அதற்குப் பழகி விடும். நாளைக்கு மனிதனுக்கு நோய் வந்தாலும் மருந்து கேட்காது!

'குளோராம்பெனிகால்', 'நைட்ரோபியூரான்' வகை மருந்துகளுக்கு இந்தியாவில் மீன், இறால் வளர்ப்பில் தடை உள்ளது. சரக்கில் இவை இருப்பது தெரிந்தால், வெளிநாடுகள் திருப்பி அனுப்பி விடும்.

அதனால் ஆர்ட்டீமியாவின் வயிற்றில் வைட்டமின், மீன் எண்ணெய், நன்மை செய்யும் கிருமி ஆகியவற்றை ஏற்றிக் கொடுக்கும் முறையும் உள்ளது. நோய் வந்த பின் மருந்து தேடுவதை விட, வராமல் காப்பது மேல் அல்லவா?

பழம் அதே பழம்தான். உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்!