தலை மட்டும் தெரியும் எரிமலை

சென்னை பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலை அடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம்.

நீர் வடியவே வடியாத மலை ஒன்று அந்தமான் கடலில் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் பேரன் தீவு. ஆள் குடியில்லாத எரிமலை. வெளியே தெரிவது ஏறக்குறைய 350 மீட்டர்தான். அடிவாரமோ கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே!

நெருப்பு எப்படி வருகிறது? பூமியின் மேலோடு பல பாறைத் தட்டுகளால் ஆனது. அவற்றில் இந்தியத் தட்டு, பர்மா தட்டுக்கு அடியில் மெல்லச் சரிந்து இறங்குகிறது. போகும்போது தன் பாறைக்குள் கடல்நீரையும் சுமந்து போகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து, மேலே இருக்கும் சூடான பாறையில் சேர்கிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகிய குழம்பு மேலேறி வருகிறது. ஆக, இந்த நெருப்பை மூட்டுவதே தண்ணீர்தான்!

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடங்கிய இந்த மலை, 1991இல் மறுபடி பொங்கியது. அதன்பிறகு பலமுறை சீறிவிட்டது.

திருநீர்மலைக்காரர்கள் பயப்பட வேண்டாம். பல்லாவரம் வட்டாரக் குன்றுகள் சார்னோக்கைட் பாறை. பூமிக்கு அடியில் என்றோ வெந்து இறுகியவை.