மசாலா டப்பாவில் புகுந்த மூடுபனி

பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் என் அம்மாவுக்கு ஒரு சிறிய கடை உண்டு. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கரி அடுப்பில் கோழித் தொடையை வாட்டி விற்பார். சாஸ் கிடையாது, ஊறவைக்கும் குழம்பும் கிடையாது. வீட்டில் வறுத்து அரைத்த உலர்ந்த மசாலாப் பொடியைக் கோழியின் மேல் தடவி நேராக நெருப்பில் வைப்பார். கேமரன் மலைக் குளிரில் நடுங்கியபடி வரும் சுற்றுப்பயணிகள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே எங்கள் கடையைத் தேடி வந்துவிடுவார்கள்.

நான் படிவம் 4 படித்த ஆண்டு அது. ஆண்டு இறுதி விடுமுறைக்கு முந்தின நாள் மாலை, அம்மா பெரிய மசாலா டப்பாவைத் திறந்தார். உள்ளே மூன்று கிலோ பொடி இருந்தது. கை வைத்தால் உதிர வேண்டிய பொடி கட்டி கட்டியாக நின்றது. ஓரத்தில் பச்சையும் சாம்பலும் கலந்த பூசணம். மல்லி வாசம் போய், நனைந்த சாக்கின் வாடை அடித்தது.

"மேலாப்புல எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை இன்னொரு தடவை வறுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார் அம்மா.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த விடுமுறை வியாபாரத்தை நம்பித்தான் அண்ணனின் அடுத்த பருவக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். மறுநாள் சந்தை. மூன்று கிலோ மசாலாவைக் கொட்டினால் போட்ட பணமும் போகும், முதல் நாள் வியாபாரமும் போகும். இருந்தாலும் நான் "வேணாம்மா" என்றேன். அறிவியல் பாடத்தில் பூஞ்சையைப் பற்றிப் படித்தது மனத்தில் உறுத்தியது. அன்று என்னால் அதைச் சரியாக விளக்க முடியவில்லை. இன்று உணவு அறிவியல் படிக்கும் மாணவியாக அதை விளக்க முடியும்.

வறுத்தாலும் போகாத நஞ்சு

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. ஏதோ புதிய நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசியில் குற்றவாளி தீவனம் என்று தெரிந்தது. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவுப் பொருள்களில் அதையும் சேர்த்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை.

இந்தப் பூஞ்சை கடலையோடு நிற்பதில்லை. சரியாகக் காயாத மிளகாய், மல்லி போன்ற மசாலாப் பொருள்களிலும் வளரும். வறுத்தால் பூஞ்சை சாகும், ஆனால் அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு நம் வாணலிச் சூட்டில் முழுதாக அழியாது. மேலாக எடுத்துப் போட்டாலும் பயனில்லை. பொடிக்குள் பூஞ்சை இழைகள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பூசணமும் அஃப்ளாடாக்சினைச் சுரப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் எது சுரக்கும், எது சுரக்காது என்று வீட்டுச் சமையலறையில் யாரால் சொல்ல முடியும்?

அன்று இந்த வாதத்தை முடித்து வைத்தவர் அப்பா. ஒன்றும் பேசாமல் வந்தார், டப்பாவைத் தூக்கினார், கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வளைந்தால் ஈரம், ஒடிந்தால் காய்ந்தது

அப்பா தேயிலை ஆலையில் உலர்த்தும் பிரிவில் வேலை பார்த்தவர். ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மலையின் தேயிலையில் தமிழர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் பாட்டி கொழுந்து பறித்தார், அப்பா ஆலைக்குப் போனார்.

பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, கடைசியாகச் சூடான காற்றில் உலர்த்தும்போது அந்த ஈரம் சுமார் 3 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. அந்த அளவுக்குக் காய்ந்தால்தான் தேயிலை மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும்.

அன்றிரவு அப்பா, அம்மா அரைத்தது போக மிச்சமிருந்த கறிவேப்பிலையை எடுத்து விரல்களுக்கு இடையே மடக்கிப் பார்த்தார். அது ஒடியவில்லை, வளைந்தது.

"இது காயலம்மா. வளைஞ்சா ஈரம், ஒடிஞ்சாத்தான் காய்ஞ்சது. தேயிலைக்கும் இதுதான் கணக்கு" என்றார்.

எங்கள் ஊரில் வெயிலை நம்ப முடியாது. காலையில் முறத்தில் பரப்பினால் மதியத்துக்குள் மூடுபனி இறங்கிவிடும். அரைகுறையாகக் காய்ந்த கறிவேப்பிலைதான் டப்பாவுக்குள் ஈரத்தைக் கொண்டுபோன முதல் ஆள். இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின.

உப்பும் கெடுக்குமா?

பள்ளி திறந்ததும் வேதியியல் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பொடியில உப்பு சேர்த்து வைக்கிறீங்களா?"

ஆமாம். உப்பு, பழுப்புச் சர்க்கரை எல்லாவற்றையும் மொத்தமாகக் கலந்து வைப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் விளக்கியபோதுதான் புரிந்தது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு, அதாவது நாம் சமையலில் போடும் உப்பு, காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். பனி இறங்கும் இரவில் கேமரன் மலைக் காற்று இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். சந்தையில் ஒவ்வொரு முறை டப்பாவைத் திறந்தபோதும் உள்ளேயிருந்த உப்பு பனியைக் குடித்திருக்கிறது.

வீட்டில் மூன்று கிண்ணங்களை வைத்துச் சோதித்தேன். ஒன்றில் மசாலா மட்டும், இன்னொன்றில் உப்பு கலந்த மசாலா, மூன்றாவதில் உப்பும் சர்க்கரையும் கலந்தது. மூன்றையும் இரவு முழுக்கச் சன்னலோரம் திறந்து வைத்தேன். காலையில் முதல் கிண்ணத்தைச் சாய்த்ததும் பொடி சரிந்தது. மூன்றாவதைத் தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை.

அம்மா அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. "உப்புப் போட்டாத்தானே கெடாது? பாட்டி உப்புக்கண்டம் போட்டு மாசக்கணக்குல வச்சிருந்தாங்களே!" என்றார்.

நல்ல கேள்வி. ஆடு அடித்தால், மிஞ்சிய கறியை வரி வரியாக வெட்டி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, பாட்டி விறகடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவார். தமிழ்நாட்டில் வெயில் செய்யும் வேலையை இங்கே அடுப்புப் புகை செய்தது. இறைச்சியில் உலர்ந்த மசாலாவைத் தடவுவது நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கம் இல்லை என்பதற்கு உப்புக்கண்டமே சாட்சி. ஆனால் அங்கே உப்பு கறியிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது, அடுப்புச் சூடு அந்தத் தண்ணீரைப் போக்கிவிடுகிறது. எங்கள் டப்பாவிலோ உப்பு இழுத்த ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. உப்பின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அது தண்ணீரை இழுக்கும். இழுத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நெருப்பின் மேலும் அதே பாடம்

காய்ந்த மசாலா கெடாமல் இருப்பதோடு, கோழியைச் சுவையாகவும் ஆக்கும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோழித் தோலில் ஈரம் இருக்கும்வரை அடுப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகும். தோலின் வெப்பம் கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. ஆனால் வாட்டிய கறிக்கு அந்தச் செம்பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தரும் வினை சுமார் 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நடக்கும் இந்த வினையை, பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயிலார்ட் 1912-இல் விவரித்தார். இன்றும் அது மெயிலார்ட் வினை என்றே அழைக்கப்படுகிறது. ஈரக் கோழி வேகும், ஆனால் சிவக்காது. அதனால்தான் தோலைத் துடைத்து உலர்த்திய பிறகே பொடியைத் தடவ வேண்டும்.

நாங்கள் இப்போது செய்யும் முறை

5 கிலோ கோழிக்குத் தேவையான பொடி இது: மல்லி 40 கிராம், காய்ந்த மிளகாய் 25 கிராம், மிளகு 20 கிராம், சோம்பு 15 கிராம், சீரகம் 15 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், தேயிலைத் தூள் 5 கிராம். மொத்தம் 125 கிராம். தேயிலை அப்பாவின் யோசனை. லேசான கசப்பும் கருநிறமும் தரும், அளவு கூடினால் கசந்துவிடும்.

மல்லி, மிளகாய், மிளகு, சோம்பு, சீரகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இளந்தீயில் வறுக்கிறோம். சீரகம் சிறியது, மல்லி பெரியது. ஒன்றாகப் போட்டால் மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிவிடும். வறுத்ததை முழுதாக ஆறவிட்டு, மஞ்சளும் தேயிலையும் சேர்த்து அரைக்கிறோம். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து திரும்பப் பொடியிலேயே விழும். அரைத்த பொடியைச் சிறிய கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துத் தேதி எழுதுகிறோம். சந்தைக்கு ஒரு புட்டி மட்டும்தான் போகும். பச்சைக் கோழியைத் தொட்ட கையோ ஈரக் கரண்டியோ புட்டிக்குள் போகக் கூடாது.

உப்பு தனி. 1 கிலோ கோழிக்கு 12 கிராம் உப்பை முந்தின இரவே தடவி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறோம். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த உப்புநீர் மெல்லக் கறிக்குள் இறங்கும், தோலும் காயும். மறுநாள் வாட்டுவதற்குச் சற்று முன் கிலோவுக்கு 25 கிராம் பொடியைத் தடவுகிறோம். சர்க்கரை வேண்டுமானால் 10 கிராம் போதும். கூடினால் கறி வேகுமுன் மேல்புறம் கருகும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சளும் மிளகாயும் கறியின் நிறத்தை மறைத்துவிடும். எலும்பில் படாமல் தடித்த பகுதியில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு.

அந்த விடுமுறையின் முதல் நாள் நாங்கள் கடை போடவில்லை. புதிதாகப் பொருள் வாங்கி, இரவெல்லாம் வறுத்து அரைத்து, இரண்டாம் நாள்தான் அடுப்பு மூட்டினோம். அண்ணனின் கட்டணத்தில் குறைந்த தொகையைக் கடன் வாங்கிக் கட்டினோம். அதை அடைக்க மூன்று மாதம் ஆனது. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

சென்ற மாதம் விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, அம்மா பக்கத்துக் கடை அக்காவுக்கு மசாலா அரைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா உப்பு டப்பாவைத் திறந்ததும் அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"உப்பை இப்பப் போடாதம்மா. அது பனியைக் குடிக்கும்" என்றார்.