படைக்கென வாங்கிய முதல் விமானம்

அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில், ஸ்மித்ஸோனியன் கழகத்தைச் சார்ந்த வான்பயணக் காட்சிச்சாலையொன்று உளது. ஆங்குப் பேணப்பெறும் விமானங்களுள் ஒன்று, மரச்சட்டமும் சீலையும் கம்பியுங்கொண்டு இயன்ற எளிய தோற்றமுடையது. உலகில் ஓர் அரசாங்கம் தன் படைக்கென விலைகொடுத்து வாங்கிய முதல் ஆகாயவிமானம் இதுவே. ரைட் சகோதரர் சமைத்த இதன் வரலாற்றையும் அமைப்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1907ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவினர் தமக்கு விமானம் வேண்டுமென அறிவித்தனர். இருவரைச் சுமத்தல் வேண்டும். மணிக்கு 40 மைல் செல்லுதல் வேண்டும். ஒரு மணி நேரம் இடையறாது பறத்தல் வேண்டும் என்பன அவர் விதித்தவற்றுட் சில. விலை 25,000 டாலர். வேகம் 40 மைலின் மிகுமாயின், மிக்க ஒவ்வொரு மைலுக்கும் விலையிற் பத்திலொரு பங்கு கூடுதலாகப் பெறலாம்.

1908 செப்டம்பர் 17ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள மையர்க் கோட்டையில், ஆர்வில் ரைட் விமானத்தைச் செலுத்த, லெப்டினன்ட் தாமஸ் செல்பிரிட்ஜ் உடனிருந்தார். சுழல்விசிறியொன்று பிளந்து வால்பக்கத்துக் கம்பியிற்பட, விமானம் நிலத்தில் வீழ்ந்தது. ஆர்வில் காலும் விலாவும் முறிந்து கிடந்தார், செல்பிரிட்ஜ் உயிர்துறந்தார். விசைவிமான விபத்தில் மாண்டோருள் அவரே முதல்வர்.

இத்துணைத் துயர் நேர்ந்தும் முயற்சி கைவிடப்படவில்லை. மறு ஆண்டே புதிய விமானத்துடன் அச்சகோதரர் மீண்டும் அக்கோட்டைக்கு வந்தனர். 1909 ஜூலை 27இல், லெப்டினன்ட் லாமுடன் ஆர்வில் ஒரு மணி 12 நிமிடத்துக்குமேல் பறந்தார். ஜூலை 30இல், லெப்டினன்ட் புலாயுடன் அலெக்ஸாண்டிரியாவரை சென்று மீண்டார். போக்குவரவு 10 மைல். சராசரி வேகம் 42 மைலுக்குச் சற்று மேல். ஆகவே 5,000 டாலர் மிகுதியாகப் பெற்று, ஆகஸ்டு 2இல் விமானம் படையினர் உடைமையாயிற்று.

இனி அமைப்பை நோக்குவாம். சுமார் 36½ அடி நீளமுள்ள இறக்கைகள் இரண்டு, ஒன்றன்மேலொன்றாய் நிற்பன. மெல்லிய இறக்கை தனித்து நிற்பின் வளையும். இரண்டினையும் கால்களாலும் குறுக்குக் கம்பிகளாலும் பிணித்தால், எடை மிகாமலே பாலத்தின் சட்டம்போல் உறுதி பெறும். ஏறவும் இறங்கவும் உதவும் தட்டுக்கள் முன்புறத்தும், திசைதிருப்பும் சுக்கான் பின்புறத்தும் அமைந்துள்ளன. ஒருபுறம் சாய்தற்கும் நிமிர்தற்கும் இறக்கை நுனிகளையே கம்பியிழுத்து முறுக்குவர். நான்கு உருளைகளையுடைய இயந்திரம், சங்கிலிகளின் வாயிலாக இரு சுழல்விசிறிகளை எதிரெதிர்த் திசைகளிற் சுழற்றும். சக்கரங்கள் முதலில் இல்லை. உயர்ந்த கோபுரத்தினின்று கனத்த எடையை வீழ்த்த, அதனொடு பிணித்த கயிறு விமானத்தைத் தண்டவாளத்தின்மேல் ஈர்த்து வானிற் செலுத்தும்.

பின்னர் இவ்விமானம், டெக்ஸாஸிலுள்ள சாம் ஹூஸ்டன் கோட்டைக்குப் புலாயின் பொறுப்பில் அனுப்பப்பட்டது. தனியே பறந்தறியாத அவர், 1910 மார்ச் 2இல் ஆங்கே தாமே செலுத்திப் பறந்தார். ஐயுற்றவற்றை ரைட் சகோதரருக்குக் கடிதமெழுதிக் கேட்டறிந்தார். ஆசானை அஞ்சலிற்கொண்டு பறக்கப் பயின்றவர் வேறு யாவருளர்! இருக்கையினின்று எறியப்படாதவாறு தம்மை வாரினாற் கட்டிக்கொள்ளும் முறையையும் அவர் கைக்கொண்டார். பழுதுபட்டும் பழுதுபார்க்கப்பட்டும் உழைத்த அவ்விமானம், 1911இல் ஸ்மித்ஸோனியன் கழகத்துக்கு அளிக்கப்பெற்றது.

அதே 1911ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, லிபியாவில் இத்தாலியப் படைவீரர் ஒருவர் விமானத்தினின்று கையாற் குண்டுகளை எறிந்தார். மேலிருந்து பார்க்க வாங்கிய ஊர்தி காட்சிச்சாலை புகுந்த ஆண்டே, அதன் இனம் மேலிருந்து கொல்லவும் கற்றது. இரண்டற்கும் வேண்டிய கல்வி ஒன்றே, கருத்தே வேறு. இவ்விமானத்தைக் காண்போர், செல்பிரிட்ஜின் குருதியையும் புலாயின் பொறுமையையும் நினைவதோடு, கற்றதை எதற்குப் பயன்கொள்வதென்னும் வினாவையும் உளங்கொள்வாராக. கல்லூரியிற் பயிலும் நமக்கும் அவ்வினா உரியதே.